ஆறு பெட்டிகள்

ஜெலுத்தோங் துணை மின்நிலையம், தாள் எண் பதினேழு.
வேலியில் மாட்டும் எச்சரிக்கைப் பலகை,
அறுநூறுக்கு நானூற்றைம்பது மில்லிமீட்டர்.
திரையில் எல்லாம் சரி.
மலாய் சரி, சீனம் சரி, ஆங்கிலம் சரி,
மண்டையோடும் அதன்மேல் இறங்கும் மின்னலும் சரி.
பிடிஎஃப்பில் மட்டும்
அபாயம் இருந்த இடத்தில்
ஆறு பெட்டிகள்.

நாலெழுத்துக்கு ஏன் ஆறு என்று
விரல் வைத்து எண்ணினேன்.
பாவின் காலுக்குத் தனியாக ஒன்று,
மகரத்தின் புள்ளிக்குத் தனியாக ஒன்று.
வெறும் பெட்டிதான். ஆனாலும்
யாரையும் விட்டுவிடாமல் கணக்கெடுத்திருக்கிறது.

மணி மூன்றே கால்.
ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும்.
கீழே டயர் கடையில் காற்றடிக்கிறார்கள்.
எழுத்துருவை உட்பொதி என்ற கட்டத்தைச் சொடுக்கினேன்.
ஏற்கெனவே சொடுக்கித்தான் இருந்தது.
எடுத்துவிட்டு மறுபடி சொடுக்கினேன்,
வராத லிஃப்டின் பொத்தானைத்
திரும்பத் திரும்ப அமுக்குகிறவள் மாதிரி.

இரண்டாயிரத்து நாலின் பழைய கோப்பைத் திறந்தேன்.
வரைந்தவர் கட்டத்தில் சற்குணம் என்று இருந்தது.
இந்த நாற்காலியில் எனக்கு முன் இருந்தவர்.
இப்போது ஜொகூரில் என்கிறார்கள்,
இல்லை, பெர்த் என்கிறார்கள்.
அவர் காலத்து எழுத்துரு என் கணினியில் இல்லை.
அது இல்லாமல் அவருடைய அபாயம்:
எம், ஜி, எச், ஏ, கே,
கடைசியில் ஓர் அரைப்புள்ளி.
வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.
பூன் கியாட் திரும்பி,
மருந்து பேரா, என்றான்.

அடுக்கின் பெயர் மட்டும் கெடாமல் இருந்தது:
தமிழ், ஜாஙான் பாடாம்.
அழிக்காதே என்று மலாயில்
யாருக்கு எழுதிவைத்தாரோ.

வேறு எழுத்துரு போட்டேன். அபாயம் வந்தது.
அடுத்த வரியில் தொடாதே.
கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது.
அதற்கும் காலுக்கும் நடுவே
புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
விருந்தில் ஆள் வராத இருக்கை.
கடைசிக் கொம்பு சுழித்துக்கொண்டு
பலகையின் விளிம்பில் தனியே.

உடைச்சிடு லா, என்றான் பூன் கியாட்.
எழுத்தை உடைத்துக் கோடாக்கிவிட்டால்
எந்த எழுத்துருவும் தேவையில்லை.
சீனத்தை அவன் அப்படித்தான் அனுப்புகிறானாம்.

வேறொரு மென்பொருளில் தட்டி,
உடைத்து, கொண்டுவந்து ஒட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு வளைகோடுகள்.
இனி இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.
பிழையிருந்தால் திருத்த முடியாது.
மண்டையோடு எப்படியோ அப்படி
இதுவும் ஒரு படம்.

நாலரைக்குக் கோப்பைத் துப்புரவு செய்தேன்.
தாளில் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்ததையெல்லாம்
தூசி என்று துடைத்துவிடும் கட்டளை.
பிடிஎஃப் பளிச்சென்று வந்தது.
கோப்பி குடித்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன்:

அபாயம

ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.
வாய் மூடாமல் நிற்கிறது.

வட்டம். மையம். ஆரம்.
கண்ணளவில்தான் வைத்தேன்,
இன்னொரு முறை துடைபடக் கூடாதென்று
கொஞ்சம் பெரிதாக.
உள்ளே கறுப்பு நிரப்பினேன்.
அடுக்கின் பெயரை மாற்றவில்லை.
ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில்
அனுப்பினேன்.

பலகை மாட்டி இரண்டு மாதமாகிறது.
வெட்டியவர்கள் வரைபடத்தில் இருந்ததை
இருந்தபடியே வெட்டியிருக்கிறார்கள்.
பஸ் நிறுத்தத்துக்கு அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.
மஞ்சள் தகட்டில் நாலு மொழி,
மகரத்தின் தலையில்
அளவுக்கு மிஞ்சிய புள்ளி.
எனக்கு மட்டும் உறுத்தும்.

வேலிக்கு அந்தப் பக்கம் மின்மாற்றி
இரவும் பகலும்
அந்த ஓரெழுத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது,
புள்ளியோடு.